இருபத்தெட்டாவது கிலோமீட்டர்

என் மருமகனை அடிப்பதற்காகத்தான் நான் ஓடக் கற்றுக்கொண்டேன். கிளப்பில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தொப்பை, பிரஷர், மனநிம்மதி. என்னைக் கேட்டபோது சர்க்கரை என்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

என் பெயர் துலுக்கானம். அறுபத்திரண்டு வயது. திருமுல்லைவாயிலில் ஒற்றை அறை வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் பவர் பிரஸ் ஓட்டினேன். இடது கையில் மூன்று விரல்தான் இருக்கிறது, மீதி இரண்டும் பிரஸ்ஸுக்குள் போய்விட்டன. விரல் போன அன்று சூப்பர்வைசர் முதலில் மிஷினைத் துடைக்கச் சொன்னான். அன்றிலிருந்து சட்டையை இன் பண்ணிய எவனையும் நான் நம்புவதில்லை.

மருமகன் உதயகுமார் சட்டையை இன் பண்ணுகிறவன். ஒரு பெரிய கம்பெனியில் ஸ்டோர்ஸ் மேனேஜர். அயனம்பாக்கத்தில் லோன் போட்டு பிளாட் வாங்கியிருந்தான். குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது இதைக் கேட்டுவிட்டு என் மனைவி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். கல்யாணமான நாலாவது மாதம் என் மகள் கிருஷ்ணப்பிரியா ஒரு கண் வீங்கி மூடியபடி வந்தாள். பாத்ரூமில் விழுந்துவிட்டேன் என்றாள்.

பதினோரு வருஷத்தில் அவள் பாத்ரூமில் விழுந்தாள், மாடிப்படியில் விழுந்தாள், பஸ்ஸில் விழுந்தாள். ஒரு முறை அலமாரிக் கதவு அவள் மேல் விழுந்தது. பேத்தி நிஷா வயிற்றில் இருந்தபோது விழுந்ததற்கு மட்டும் அவள் காரணமே சொல்லவில்லை.

நானும் அடித்தவன்தான். அதைச் சொல்லாமல் விட்டால் மீதிக் கதை பொய். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தேன். குடிக்காத நாளில் அடித்ததில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஒரு முறை பூரிக்கட்டையால் அடித்ததில் அவளுடைய கட்டைவிரல் உடைந்து கோணலாகவே சேர்ந்தது. அப்புறம் நான் கையை ஓங்கினாலே கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு முழங்கையை முகத்துக்கு மேல் தூக்குவாள். பக்கத்து வீட்டில் கேட்டால் விழுந்துட்டேன் என்பாள். அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த பதிலைக் கேட்டுத்தான் கிருஷ்ணப்பிரியா வளர்ந்தாள்.

மூன்று வருஷம் முன்பு ஒரு நாள் நேராக அந்த பிளாட்டுக்கே போனேன். அவள் உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது.

“இன்னா மாப்ளே, பொண்ணு மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி கீது?”

“உட்காருங்க மாமா. காபி சாப்பிடுறீங்களா?”

“காபி வாணாம். பதில் சொல்லு.”

அவன் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினான். திரும்பி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, செருப்பு வைக்கிற ஸ்டாண்டின் மேல் வீசினான். எழுந்தேன். மறுபடியும் வீசினான். பிறகு விலாவில் இரண்டு உதை. அவன் முகத்தில் கோபமே இல்லை. மூட்டை நகர்த்துகிறவன் மாதிரிதான் இருந்தான். நாற்பத்திரண்டு வயது உடம்பு, தினம் ஓடி ஓடிக் கயிறாய் முறுகியிருந்தது. நான் அவன் சட்டை பட்டன் ஒன்றைத்தான் பிய்த்தேன்.

“வயசானவர்னு விடறேன் மாமா. லிப்ட் வேலை செய்யுது, படில போகாதீங்க. விழுந்துடுவீங்க.”

எனக்கு இரண்டு விலா எலும்பு. நான் போன பிறகு அவளுக்கு இடது காது. இன்றுவரை அந்தக் காதில் அவளுக்குக் கேட்காது. பத்து நாள் கழித்து போன் பண்ணினாள்.

“யப்பா, நீ வந்து ஒண்ணு கேட்டா எனக்கு ரெண்டா உயுது. இனிமே வராதே.”

“போலீஸ்ல சொல்லலாம்மா.”

“சொன்னேனே. எய்தி குடுத்துட்டு ஊட்டுக்குத்தானே வரணும்? நானே போயி அந்த பேப்பர திரும்ப வாங்கினு வந்துட்டேன்.”

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். அவனை அடித்தால், அவன் எழுந்து வீட்டுக்குப் போய்க் கையை ஓங்குகிற மாதிரி அடிக்கக் கூடாது. மாதக்கணக்கில் எழுந்திருக்கக் கூடாது. அந்த நேரத்துக்குள் என் மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் அவனை என்னால் தொடவே முடியாதே?

வழியை அவனே காட்டினான். விலா சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். அவனுடைய ஓட்டக் கிளப் அங்கேதான் கூடும். பச்சை டீஷர்ட் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது பேர். அன்று முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தான். கரையில் குந்தியிருந்தான். உதடு வெளுத்துவிட்டது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பார்க்கிறான், முடியவில்லை, கை உதறுகிறது. யாருடைய குழந்தையோ, ஆறு வயது இருக்கும், பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தது. எழுந்து நிற்கப் பார்த்தான். கால் மடங்கி மறுபடியும் உட்கார்ந்தான். அந்தக் குழந்தை ஒரு தள்ளு தள்ளியிருந்தால் ஏரிக்குள் போயிருப்பான்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அதே கரையில் போய் நின்றேன். மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு.

கிளப் தலைவர் செபாஸ்டியன் பேங்க்கில் வேலை பார்க்கிறவர், ஐம்பது வயது. “அண்ணே, வாக்கிங்கா?” என்றார்.

“ஓடணும். சர்க்கரை.”

உதயகுமார் என்னைப் பார்த்து ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு எல்லோர் முன்னாலும் குனிந்து என் காலைத் தொட்டான். “என் மாமனார் சார். நமக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன்.” எல்லோரும் கை தட்டினார்கள். குனிந்த தலை நிமிர்வதற்குள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எத்தனை நாளைக்குடா கெழவா?” என்றான்.

முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம் தூரம் ஓடி வாந்தி எடுத்தேன். அடுத்த வாரம் மூன்று கம்பம். செபாஸ்டியன் அவருடைய பழைய ஷூவை எனக்குக் கொடுத்தார். இவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று ஒரு மாதம் யோசித்தேன். ஒன்றும் வேண்டாம் என்று தெரிந்த பிறகும் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன்.

“அண்ணே, உடம்புல இருக்கிற சரக்கு ஒரு அளவுதான். ஆரம்பத்துல வேகமா போறவன் முப்பதுக்கு முன்னாடியே காலி. நீங்க பேசிக்கிட்டே ஓடுங்க. பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“யார்கிட்ட சார் பேசறது? எல்லாரும் முன்னால பூட்டாங்க.”

“பாட்டு பாடுங்க.”

பாட்டு எனக்கு வராது. ஓடும்போது மருமகனைத் திட்டிக்கொண்டே ஓடினேன். கெட்ட வார்த்தை தடையில்லாமல் வந்தால் சரியான வேகம். இரண்டு வருஷத்தில் பத்து, பதினைந்து, இருபத்தொன்று, முப்பது என்று போனேன். கால் நகம் நாலு கறுத்து விழுந்தது. பருத்திப்பட்டில் ஒரு நாய் கெண்டைக்காலில் பல்லைப் பதித்தது. அதன் மூக்கிலேயே குத்தி விடுவித்துக்கொண்டு, ரத்தம் ஷூவுக்குள் நிறைய மீதி ஏழு கிலோமீட்டரை முடித்தேன். எல்லோருக்கும் கடைசியில்தான் வருவேன். ஆனால் வந்து சேரும்போது எனக்கு மூச்சு இருக்கும், பேச்சு இருக்கும். உதயகுமாருக்கு இருக்காது. அவனுக்கு யார் முன்னால் போனாலும் பொறுக்காது. முதல் கிலோமீட்டரிலேயே விரட்டுவான்.

அவனை முந்துகிறவள் ஒருத்திதான். ஜெபிஷா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஐ.டி. வேலை, இருபத்தெட்டு வயது. மான் மாதிரி போவாள். அவன் அவளைப் பார்த்துச் சிரிப்பான், கை குலுக்குவான், “சூப்பர் ரன்” என்பான். ஓடியவர்களின் நேரத்தை செபாஸ்டியன் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், கேட்டால் அவர் போனில் எனக்கும் காட்டுவார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எண் நன்றாக வரும். ஐந்தாறு மாதம் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஜெபிஷா அவனை முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என் மகள் விழுந்துகொண்டிருந்தாள்.

எப்போதும் கடைசியில் வருகிறேன் என்பதால் செபாஸ்டியன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஸ்வீப்பர். கடைசி ஆளுக்கும் பின்னால் கொடி பிடித்துக்கொண்டு வர வேண்டும். எவனாவது முடியாமல் உட்கார்ந்தால் அவனை விட்டுவிட்டு வரக் கூடாது. அதுதான் அந்த வேலையில் இருக்கிற ஒரே சட்டம். பெயரைக் கேட்டு முதலில் எனக்குக் கோபம் வந்தது. ரோடு கூட்டுகிறவனா நான்? பிறகு யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்தவன் பக்கத்தில் தனியாக நிற்கப் போகிற ஆள் நான்தான்.

கொடி பிளாஸ்டிக் குழாயில் கட்டியிருந்தது. அதற்குள் இரண்டடி நீளத்துக்குக் கட்டடக் கம்பி ஒன்றை அறுத்துப் போட்டு, ஆடாமல் இருக்கத் துணி சுற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டேன். அரைக் கிலோ எடை. மூன்று மாதம் அதைத் தூக்கிக்கொண்டே ஓடிப் பழகினேன். ஒரு நாள் ஜெபிஷா விளையாட்டாய் அந்தக் கொடியை வாங்கி ஆட்டினாள்.

“என்ன தாத்தா, இவ்வளவு கனமா இருக்கு?”

“காத்துல ஆடாம இருக்க மணல் போட்டுகீறேன்மா.”

“கில்லாடி மக்கா நீங்க” என்று சிரித்தாள்.

மார்கழியில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜனவரி மாரத்தானுக்கு முன்னால் கிளப்பில் போடுகிற கடைசி நீள ஓட்டம். அதற்கு முந்தைய ஞாயிறு பத்து கிலோமீட்டரில் ஜெபிஷா அவனை ஆறு நிமிஷம் முந்தினாள். திங்கட்கிழமை என் மகளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டிலிலிருந்து விழுந்தேன் என்று போனில் சொன்னாள். பின்னால் நிஷா அழுகிற சத்தம் கேட்டது.

“குயந்தை இன்னாத்துக்கு அய்வுது?”

“அதுவும் கூடவே வியுந்துச்சுப்பா.”

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று முடிவு பண்ணினேன். பேத்திக்கு ஒன்பது வயது.

ஓட்டத்தன்று பனி. அயனம்பாக்கத்தில் கிளம்பி, திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி வரை போய், பாரிவாக்கம் வழியாகத் திரும்புவது வழி. எல்லோரும் போனில் இருப்பிடத்தைக் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். என் போன் பட்டன் போன். புள்ளி பற்றி நான் யோசிக்கவே இல்லை.

உதயகுமார் முதல் அடியிலிருந்தே ஜெபிஷாவை விரட்டினான். நான் பின்னால் கொடியோடு மெதுவாக வந்தேன். பூந்தமல்லி தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. பருத்திப்பட்டில் திரும்பி வருகிறவர்கள் எதிரே வந்தார்கள். ஜெபிஷா முன்னால் வந்தாள். நானூறு அடி தள்ளி அவன் வந்தான். வாய் பிளந்திருந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளே குளிர்ந்தது.

அப்புறம் ஒவ்வொருத்தராக அவனைத் தாண்டிப் போனார்கள். “உதய் சார், ஓகேவா?” என்று கேட்பார்கள், அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான், போய்விடுவார்கள். பாரிவாக்கம் ஏரிக்குப் பின்னால் மனை பிரித்து விற்காமல் கிடக்கிற பொட்டல் ஒன்று இருக்கிறது. மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் வரிசையாக நட்டிருக்கும், சுற்றிலும் சீமைக்கருவேலம். இருபத்தெட்டாவது கிலோமீட்டர். அங்கே ஒரு மனைக்கல்லின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஓடுகிறவன் என்று என்னைத் தவிர யாரும் இல்லை.

“மாமாவா? தண்ணி குடு.”

மூடியைத் திறந்து கொடுத்தேன். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

“கால் இழுத்துக்கிச்சு. பாதத்தைப் பிடிச்சுத் தள்ளு.”

கிளப்பில் இது வழக்கம். சதை இழுத்துக்கொண்டவனின் பாதத்தைப் பக்கத்தில் இருப்பவன் பிடித்து மேலே தள்ளிவிட வேண்டும். குந்தி, அவன் காலை மடியில் வைத்துத் தள்ளினேன். கெண்டைச்சதை கல்லாய் இருந்தது, மெல்ல இளகியது. என் கைக்கு அது பழகிவிட்டிருந்தது.

“ஸ்ஸ், மெதுவாய்யா. மூணு விரலை வச்சுக்கிட்டு நோண்டாதே.”

“பிரியாவுக்குத் தோளு எப்டி ஒட்ஞ்சுது மாப்ளே?”

கண்ணைத் திறக்காமலே சிரித்தான். “கட்டில்லேர்ந்து விழுந்துட்டா. உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கே நிக்கத் தெரியாது போல மாமா. உங்க சம்சாரமும் அடிக்கடி விழுவாங்களாமே? பிரியா சொல்லியிருக்கா.”

காலைக் கீழே வைத்தேன். எழுந்து குழாய் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். துணியோடு கம்பி வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.

முதல் அடி வலது முன்கையில். தகடு சரியாக உட்காராதபோது பிரஸ் ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம்தான் வந்தது. அவன் கத்தவில்லை. என்ன நடந்தது என்று பார்க்கிறவன் மாதிரி கையைப் பார்த்தான். கை இரண்டு இடத்தில் மடங்கித் தொங்கியது. அப்புறம்தான் கத்தினான். எழுந்து ஓடினான். நாலு அடி. கால் இழுத்துக்கொண்டு முகம் குப்புற விழுந்தான். மறுபடியும் எழுந்து இரண்டு அடி. நான் பின்னாலேயே நடந்துதான் போனேன், ஓடத் தேவையில்லை.

“எங்க போறே? நான் ஸ்வீப்பரு. கடைசி ஆள உட்டுட்டுப் போவக் கூடாதுன்னு ரூலு.”

“யோவ், பைத்தியமாய்யா உனக்கு? மாமா... மாமா, வேணாம்.”

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடித்தேன். ஒரே அடியில் போகவில்லை. மூன்றாவது அடியில் போனது. தோல் கிழிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தோள்பட்டையில் ஒன்று அடித்தேன். விலாவில் காலால் உதைத்தேன், அவன் எனக்கு உதைத்த அதே பக்கம். இடது கையால் மண்ணை அள்ளி என் முகத்தில் எறிந்தான். கண்ணில் விழுந்தது. பாதி கண்ணோடு அவன் தலைக்கு நேராகக் கம்பியை ஓங்கினேன்.

அவன் இடது முழங்கையை முகத்துக்கு மேல் தூக்கினான். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியிருந்தான்.

அதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்று சொன்னால் நான் நல்லவனாகிவிடுவேன். கண்ணில் மண், கை ஓய்ந்துவிட்டது, தலையில் அடித்தால் செத்துவிடுவான் என்றும் தெரியும். எல்லாம் சேர்ந்து நிறுத்தினேன். ஆனால் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

கம்பியைத் தாழ்த்திக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தினேன்.

“இன்னா சொல்லணும்னு தெரியுமில்ல? வியுந்துட்டேன்னு சொல்லு. என் பொண்ணு பதினோரு வருசமா அதத்தான் சொல்றா. இல்ல, கெழவன் அடிச்சான்னு சொல்லு. எதுக்கு அடிச்சான்னு குரூப்ல கேப்பாங்க. நான் சொல்லுவேன்.”

அவன் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் மனைக்கல்லின் மேல் ஒழுகியது.

அப்போது முள் மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஜெபிஷா. அவனுடைய புள்ளி ரொம்ப நேரமாக அசையவில்லை என்று, பூந்தமல்லி ரோட்டிலிருந்து திரும்பி ஓடி வந்திருக்கிறாள். அவனைப் பார்த்தாள். கீழே கிடந்த கொடியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

“தாத்தா, என்ன இது?”

நான் பேசுவதற்குள் அவன் பேசினான். “விழுந்துட்டேன் ஜெபிஷா. கல்லு தடுக்கி.”

“கையும் காலும் ஒரே கல்லுலயா?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் என் பக்கம் வந்து கம்பியை என் கையிலிருந்து வாங்கினாள். நான் கொடுத்தேன். “மணலுன்னு சொன்னீங்க இல்ல” என்றாள்.

“நீ இவன முந்துற அன்னிக்கெல்லாம் என் பொண்ணு அடி வாங்குனாம்மா” என்றேன். “காது போச்சு. தோளு போச்சு. போன வாரம் குயந்தை மேலயும் கைய வச்சான்.”

அதை அவளிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னேன், காயப்படட்டும் என்றே சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு யார் மேலேயும் நல்ல எண்ணம் இல்லை. அவள் குந்தி ஒரு முறை வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு 108க்கு போன் பண்ணினாள். பேசிக்கொண்டே நடந்து போய்க் கம்பியை ஏரியில் எறிந்தாள்.

ஆஸ்பத்திரியில் கைக்கும் காலுக்கும் பிளேட் வைத்தார்கள். ஆறு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆறு மாதம்தான். கிருஷ்ணப்பிரியா தோளில் கட்டோடு, கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டபடி வந்தாள். கூட வந்த நிஷா கன்னத்தில் நாலு விரல் தடம் பச்சையாக மாறியிருந்தது. கட்டிலில் கிடந்தவனைக் கிருஷ்ணப்பிரியா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

“எப்டி வியுந்தாராம்?”

“மனைக்கல்லு தட்க்கிகினு.”

அவள் என் ஷூவைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ரத்தம் தெளித்துக் காய்ந்திருந்தது.

“அம்மாவும் மனைக்கல்லு தட்க்கித்தான் வியுந்தாளாப்பா?”

நான் தலை குனிந்தேன். அவள் நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருப்பாள். நான் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

வீட்டுக்குப் போய் அறையைக் கழுவினேன். பழைய கட்டிலுக்கு ஆணி அடித்துச் சரி பண்ணினேன். நிஷாவுக்கு என்று ஒரு பாய், ஒரு கொசுவலை வாங்கினேன். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாவது நாள் போன் வந்தது.

“யப்பா, பிளாட்ட பூட்டிட்டேன். குயந்தையையும் இட்டுகினு வந்துட்டேன்.”

“நேரா இங்க வந்துடும்மா. எல்லாம் ரெடி பண்ணிகீறேன்.”

“அங்க வர்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களே, அந்த ஜெபிஷாதான் எடம் பாத்துக் குடுத்தாங்க. வேலைக்கும் சொல்லிகீறாங்க.”

“எங்க கீறே?”

“சொல்ல மாட்டேன். அவர்கிட்டயும் சொல்ல மாட்டேன், உன்கிட்டயும் சொல்ல மாட்டேன். நல்லா கீறோம். அது போதும் உனக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷம் நகம் பேர்ந்து ஓடியவன் நான். போனைச் சுவரில் எறிந்தேன். பாட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் போயிற்று. யாரோ நேற்று வந்த நாகர்கோவில்காரியை நம்புகிறாள், பெற்றவனை நம்பவில்லை. பெற்றவனை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் உதயகுமாரின் தம்பி பார்த்தசாரதி வந்தான். கூட இரண்டு பேர். கதவைச் சாத்தினார்கள்.

“அண்ணி எங்க?”

“தெரியாது.”

கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே பல் ஒன்று ஆடியது.

“எங்கண்ணன் விழுந்தேன்னு சொல்றான். நாங்க என்ன கேனையனுங்களா? அவ எங்கய்யா? குழந்தை எங்க?”

“சத்தியமா தெரியாது நைனா.”

இரண்டாவது அடி மூக்கில். மூன்றாவது அடிக்கு, நான் ஆணி அடித்துச் சரி பண்ணிய கட்டிலில் போய் விழுந்தேன், கட்டில் உடைந்தது. அதற்கு அப்புறம் எண்ணவில்லை. ஒருத்தன் என் இடது கையில் மிஞ்சிய விரல்களைப் பின்னால் வளைத்தான். கட்டைவிரலை நான் உள்ளே மடக்கிக்கொண்டேன். தெரியாது, தெரியாது என்றே கத்தினேன். கடைசியில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது, இவனுக்கு உண்மையாகவே தெரியாது என்று. கொசுவலையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

தரையில் கிடந்தபடி யோசித்தேன். தெரிந்திருந்தால் நாலாவது அடியில் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அவளுக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. விடியற்காலை ஷூ மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மூக்கு வீங்கி ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஜெபிஷா தூரத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பாரிவாக்கத்துக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

செபாஸ்டியன் ஓடி வந்தார். “அண்ணே, முகம் என்ன ஆச்சு? எங்கேயாவது விழுந்துட்டீங்களா?”

அந்த பதில் நாக்கு நுனி வரை வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிய பதில்.

“இல்ல சார்,” என்றேன். “அடிச்சாங்க.”

ஜெபிஷா நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு? எதுக்கு அடிச்சாங்க?” என்றார் செபாஸ்டியன்.

“உக்காருங்க சார். மொதல்லேர்ந்து சொல்றேன். கேட்டுட்டு, கொடிய எங்கிட்ட குடுக்கறதா வாணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

அவர் உட்கார்ந்தார். என் மனைவியின் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.